இரவில் தொடங்கும் கடி: முகாம் கலைந்த பின்னும் திருகோணமலையில் கலையாத சொறி

காணிப் பிரச்சினை ஒன்றைப் பற்றி விசாரிக்கத்தான் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். சம்பூர்ப் பக்கம், பூச்சுப் பூசாத கல் வீடு, முன்னால் இன்னமும் தறப்பாள் கட்டிய பத்தி. உறுதி, அனுமதிப்பத்திரம், கிராம சேவகரின் கடிதம் என்று அம்மா ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். மடியில் இருந்த சின்னவன் விரலிடுக்கைச் சொறிந்தபடியே இருந்தான். கையை விலக்கிவிட்டால் மணிக்கட்டைச் சொறிந்தான், அதையும் விலக்கினால் தொப்புளைச் சுற்றி. "அது கிரந்தி தம்பி. இறால் குடுத்தது ஒத்துவரல்ல" என்றார் தாய். நானும் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

வெளியே வரும்போதுதான் கவனித்தேன். திண்ணையில் இருந்த அம்மம்மாவும் சொறிந்துகொண்டிருந்தார். கடலுக்குப் போய் வந்த தகப்பன் சாரத்தின் இடுப்பு மடிப்பைச் சொறிந்தார். மூத்த பிள்ளைக்கும் அதே இடங்களில் அதே பருக்கள். ஒரு வீட்டில் எல்லோருக்கும் ஒரே மாதத்தில் இறால் ஒத்துவராமல் போகுமா? கேட்டபோது அம்மம்மா சிரித்தார். இந்த மாதம் வீட்டில் இறால் வாங்கவே இல்லையாம். விற்கத்தான் இறால், தின்ன அல்ல.

தோலில் கடியும் பருவும் வந்தால் எமது பேச்சில் அதற்குப் பல பெயர்கள் உண்டு. கிரந்தி, கரப்பான், சொறி, சிரங்கு, படர்தாமரை, தேமல், வேர்க்குரு. இவற்றில் சில ஒரு நோயைத் தெளிவாகக் குறிக்கும். வட்டமாகப் படர்ந்து, ஓரம் தடித்து, நடுவில் ஆறிக்கொண்டு போவது படர்தாமரை என்பதில் யாருக்கும் சந்தேகம் இருப்பதில்லை. ஆனால் 'கிரந்தி' என்ற சொல் எதையும் தாங்கும். உணவு ஒவ்வாமை, குழந்தைகளின் எக்ஸிமா, வெயில், பூச்சிக்கடி எல்லாம் அதற்குள் போய்விடும். பெயர் வைத்தவுடன் பத்தியம் தொடங்கும். கத்தரிக்காய் இல்லை, இறால் இல்லை, நண்டு இல்லை, அன்னாசி இல்லை. ஏற்கெனவே மெலிந்த பிள்ளையின் தட்டில் இருந்து புரதம் போகும், கடி மட்டும் போகாது. அந்த வீட்டில் இருந்தது கிரந்தி அல்ல, சொறி. ஸ்கேபிஸ் என்று வைத்தியர்கள் எழுதுவது அதைத்தான்.

யுத்தம் நடந்த மாவட்டம் ஒன்றில் இதை வெறும் மருத்துவச் செய்தியாக மட்டும் எழுத முடியாது. அதற்குக் காரணம் சொறி எப்படித் தொற்றுகிறது என்பதில் இருக்கிறது.

கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத, அரை மில்லிமீற்றர்கூட இல்லாத ஓர் உண்ணி. பெண் உண்ணி தோலின் மேற்படையைத் தோண்டி உள்ளே போய், நாளுக்கு இரண்டு மூன்று முட்டையாக இட்டுக்கொண்டே ஒரு மாதம் முதல் இரண்டு மாதம் வரை வாழும். அது பறக்காது, பாயாது. ஓர் உடம்பில் இருந்து இன்னோர் உடம்புக்கு ஊர்ந்துதான் போகும். அதற்குத் தோலும் தோலும் சற்று நேரம் ஒட்டியிருக்க வேண்டும். ஒரே பாயில் நான்கு பிள்ளைகள் படுத்தால் போதும். கைக்குழந்தையை மடிமாற்றி மடிமாற்றித் தூக்கினால் போதும். ஆகவே ஒரு வீட்டில் சொறி இருக்கிறது என்றால், அந்த வீட்டில் எத்தனை பேருக்கு எத்தனை பாய் என்பதுதான் முதல் கேள்வி. அழுக்கு அல்ல.

இதை முதலில் ஒழுங்காக ஆராய்ந்ததும் ஒரு யுத்தத்தின் போதுதான். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படைகளிலும் குண்டுவீச்சுக்குப் பயந்து இடம்பெயர்ந்த பிள்ளைகளிடமும் சொறி பெருகியது. அப்போது எல்லோரும் கம்பளிகளைத்தான் சந்தேகித்தார்கள். கம்பளிகளை அவிப்பதற்கு இராணுவம் பெருஞ்செலவு செய்தது. கெனத் மெலன்பி என்ற பூச்சியியலாளர் 1941இல் ஷெபீல்ட் நகரில், ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர்களைத் தொண்டர்களாகச் சேர்த்துச் சோதனை செய்தார். சொறி பிடித்த சிப்பாய்கள் பாவித்த உள்ளாடைகளையும் கம்பளிகளையும் கழுவாமல் அந்தத் தொண்டர்கள் பாவித்தார்கள். தொற்றியது மிக அரிதாக. நோயாளியோடு ஒரே படுக்கையில் படுத்தபோதுதான் நன்றாகத் தொற்றியது. ஒரு சாதாரண நோயாளியின் உடம்பு முழுவதிலும் இருப்பது சராசரியாக ஒரு டசின் உண்ணிகூட இல்லை என்பதையும் அவர் எண்ணிக் காட்டினார். அந்தச் சில உண்ணிகள்தான் ஒரு மனிதனை இரவு முழுக்கத் தூங்கவிடாமல் செய்கின்றன. கடிப்பது உண்ணி அல்ல என்பதுதான் விளக்கம். உண்ணிக்கும் அதன் முட்டைக்கும் எச்சத்துக்கும் எமது உடம்பு காட்டும் எதிர்ப்புத்தான் அந்தக் கடி.

உடம்பு அந்த எதிர்ப்பைக் கற்றுக்கொள்ள நாலு முதல் ஆறு வாரம் எடுக்கும். முதல் தடவை தொற்றியவருக்கு அதுவரை ஒரு பருவும் இராது, கடியும் இராது. ஆனால் அந்த நாட்களிலும் மற்றவருக்குத் தொற்றவைப்பார். இரண்டாவது தடவை என்றால் ஓரிரு நாளிலேயே கடி தொடங்கிவிடும். இந்த நாலு வாரக் கணக்கு எமது ஊர்களில் பெரிய குழப்பத்தை உண்டாக்கியிருக்கிறது. முகாமில் தொற்றியது வீட்டுக்கு வந்த பிறகு வெளிப்படும். மக்கள் புதிய கிணற்றுத் தண்ணீரைக் குறை சொல்வார்கள், புதுச் சவர்க்காரத்தைக் குறை சொல்வார்கள், கடற்காற்றைக் குறை சொல்வார்கள்.

திருகோணமலை மக்கள் படுத்த பாய்களின் கணக்கைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். 1990இல் ஓடியவர்கள், பிறகு தமிழகத்தின் மண்டபம் முகாம் வழியாகத் திரும்பி வந்தவர்கள், அலஸ்தோட்டம் போன்ற நலன்புரி நிலையங்களில் வருடக்கணக்காக இருந்தார்கள். 2004 டிசம்பரில் சுனாமி கரையோரம் முழுவதையும் பாடசாலைக் கட்டடங்களுக்குள் தள்ளியது. 2006 ஏப்ரலில் சம்பூர் மீது விமானக் குண்டுகள் விழுந்தன. யூலையில் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டதோடு முழு யுத்தமாயிற்று. செப்டெம்பர் தொடக்கத்தில் சம்பூர் இராணுவத்தின் கையில் விழுந்தபோது மக்கள் ஈச்சிலம்பற்று, வாகரை, மட்டக்களப்பு என்று நகர்ந்துகொண்டிருந்தார்கள். 2007 மே இறுதியில் அவர்களது ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் தற்காலிகம் என்று சொல்லி வைக்கப்பட்டவர்கள், 2015இலும் 2016இலும் காணி கட்டம் கட்டமாக விடப்படும் வரை அங்கேயே இருந்தார்கள். முகாமில் பிறந்த பிள்ளை முகாமில் இருந்தே பாடசாலைக்குப் போய், நாலாம் ஐந்தாம் வகுப்பும் படித்துவிட்டது. வன்னியில் இருந்து வந்தவர்களின் மெனிக் பாம் கணக்கு வேறு. 2009இல் கிட்டத்தட்ட மூன்று இலட்சம் பேர் கம்பிக்குள் இருந்தார்கள். 2012 செப்டெம்பரில்தான் அது மூடப்பட்டது.

அனர்த்த காலத்தில் ஒருவருக்கு ஆகக் குறைந்தது எவ்வளவு வேண்டும் என்று உலகத் தொண்டு நிறுவனங்களிடம் ஓர் அளவு உண்டு. ஸ்பியர் தரநிலை என்று அதைச் சொல்வார்கள். ஆளுக்கு மூன்றரைச் சதுர மீற்றர் கூரையுள்ள இடம், நாளுக்கு 15 லீற்றர் தண்ணீர், மாதத்துக்குக் குளிக்க 250 கிராமும் உடுப்புத் தோய்க்க 200 கிராமும் சவர்க்காரம். தறப்பாள் கூடாரத்தில் இருந்த எவரும் இந்த எண்களைப் பார்த்துத் தாங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பவுசர் வராத நாளில் ஒரு வாளித் தண்ணீரில் சமைத்து, பிள்ளையைக் கழுவி, மிச்சத்தில் முகம் கழுவியவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அம்மையும் மஞ்சள் காமாலையும் முகாம்களில் பரவியபோது செய்தியாயின. யாரும் சொறியால் சாகவில்லை என்பதால் அது அறிக்கைகளில் பெரும்பாலும் ஒரு வரியோடு போனது.

சாகவில்லை என்பதும் முழு உண்மை அல்ல. சொறிந்த இடம் புண்ணாகும். புண்ணில் ஸ்ரெப்ரோகொக்கஸ் போன்ற கிருமிகள் புகுந்து சீழ் வைக்கும். அந்தக் கிருமிக்கு எதிராக உடம்பு போராடும்போது, சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துச் சிறுநீரகம் வீங்கும். காலையில் எழும்பும்போது முகமும் கண்ணிமையும் ஊதியிருக்கும், சிறுநீர் தேயிலைச் சாயம் போலப் போகும். அப்போது தோலில் இருந்த புண் ஆறியிருக்கும், தாய்க்கு இரண்டையும் தொடர்புபடுத்தத் தெரியாது. சொறி இருந்த பிள்ளைக்கு இந்த இரண்டு அடையாளங்களில் ஒன்று வந்தாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இருதய வாத நோய்க்கும் இப்படியான தோல் புண்களுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்லி வருகிறார்கள்.

அந்த வீட்டுக்காரருக்கு மருந்து கிடைக்காமல் இல்லை. கிடைத்தது பிழையான மருந்து. சந்தியில் இருக்கும் ஒரு பாமசியில் 'கடிக்கு ஒரு கிறீம்' கேட்டு வாங்கியிருந்தார்கள். ரியூபைப் பார்த்தேன். குளோபெற்றசோல் என்ற மிகக் கடுமையான ஸ்டீரொயிட்டும், பங்கசு மருந்தும், ஒரு நுண்ணுயிர்க்கொல்லியும் சேர்ந்த கலவை. பூசிய அன்று இரவு பிள்ளை நன்றாகத் தூங்கினான். தாய் அந்த மருந்தை நம்பியதற்கு அதுதான் காரணம், அவரைக் குறை சொல்ல முடியாது. ஸ்டீரொயிட் உடம்பின் எதிர்ப்பை அடக்குவதால் கடி குறையும். எதிர்ப்பு அடங்கியதால் உண்ணி நிம்மதியாகப் பெருகும். பருக்களின் தோற்றமும் மாறிவிடும், பிறகு பார்க்கும் வைத்தியருக்கும் நோயை அடையாளம் காண்பது கடினம். மாதக்கணக்காகப் பூசினால் தோல் மெலிந்து நரம்பு தெரியும், முகத்தில் பரு எழும்பும், பிள்ளைகளில் மருந்து இரத்தத்துக்குள்ளும் போகும்.

படர்தாமரையிலும் இதே கதைதான் நடக்கிறது, இன்னும் மோசமாக. இந்தியாவில் கடையில் கேட்டு வாங்கும் இந்தக் கலவைக் கிறீம்களின் காலத்திலேயே மருந்துக்கு மசியாத புதுவகைப் பங்கசு ஒன்று ஊர் ஊராகப் பரவியது. 2020இல் அதற்கு இந்தியாவின் பெயரைச் சேர்த்தே பெயர் வைத்தார்கள். ஸ்டீரொயிட் கிறீம்களை வைத்தியரின் சிட்டை இல்லாமல் விற்கக்கூடாது என்று இந்தியா 2018இல் விதியை இறுக்கியது. அதே கிறீம்கள் பாக்கு நீரிணையைக் கடப்பதற்கு விசா தேவையில்லை. தம்பி சென்னையில் இருந்து கொண்டுவந்தான், அண்ணன் கட்டாரில் இருந்து அனுப்பினான் என்று ஒவ்வொரு வீட்டுத் தட்டிலும் ஒன்று இருக்கிறது.

ஏன் அரச வைத்தியசாலைக்குப் போகவில்லை என்று கேட்டால் பதில் நீளும். மூதூரில் இருந்து திருகோணமலை நகரத்துக்கு வருவது 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகும், 2011 அளவில் மற்றப் பாலங்கள் முடிந்த பிறகும் எவ்வளவோ இலகு. பாதைப் படகுக்குக் காத்திருந்த காலம் போய்விட்டது. ஆனாலும் தோல் கிளினிக் நாள் என்று ஒன்று இருக்கிறது, அந்த நாளில் கூலி வேலை போகிறது, பஸ் காசு போகிறது. ஐந்து பேருக்கும் கடி என்றால் ஐந்து பேரும் போக வேண்டும். யாரும் அப்படிப் போவதில்லை. ஆகக் கூடுதலாகச் சொறியும் ஒருவரை அனுப்புவார்கள், அவருக்கு மட்டும் மருந்து கிடைக்கும். பெண்களுக்கு இன்னொரு தடை. சொறி பிடிக்கும் இடங்கள் மார்பு, இடுப்பு, தொடையிடுக்கு. ஆண் வைத்தியர், திரை இல்லாத மேசை, பின்னால் வரிசை. கையை மட்டும் காட்டிவிட்டு வருவார்கள். மொழி தெரியாத இடத்தில், 'இரவில்தான் கூட' என்ற ஒரு சொல் போய்ச் சேராமலே முடிந்துவிடும். நோயைக் கண்டுபிடிக்க மிக உதவும் சொல் அதுதான்.

2022இல் நாடு வங்குரோத்தானபோது மருந்துத் தட்டுப்பாடு வந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சவர்க்காரத்தின் விலை ஏறியதை ஆண்கள் மறந்திருக்கலாம், உடுப்புத் தோய்ப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் மாவிலாறு மீண்டும் செய்தியில் அடிபட்டது. மூதூர், வெருகல் பக்கத்து மக்கள் மறுபடி பாடசாலைத் தரைகளில் நெருக்கியடித்துப் படுத்தார்கள். வெள்ளம் வடிந்து, நிவாரண லொறிகள் திரும்பி, ஆறு வாரம் கழித்துத்தான் சொறி தன் முகத்தைக் காட்டும். வெள்ளத்துக்குப் பிந்திய சுகாதாரத் திட்டங்கள் டெங்கையும் எலிக்காய்ச்சலையும் பார்க்கின்றன, சரிதான். ஆனால் அந்த ஆறாவது வாரத்தையும் யாராவது நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டும்.

மருத்துவம் இலகுவானது, அதைச் செய்து முடிப்பதுதான் கடினம். வழக்கமாகக் கொடுப்பது 5 வீதப் பெர்மெத்ரின் கிறீம் அல்லது பென்சைல் பென்சோயேற்று நீர்மருந்து. பெர்மெத்ரின் என்றால் இரவு குளித்துத் தோல் காய்ந்த பிறகு, கழுத்தில் இருந்து உள்ளங்கால் வரை, கடிக்கிற இடம் கடிக்காத இடம் என்று பார்க்காமல் பூச வேண்டும். நக இடுக்கு, தொப்புள், மறைவிடம் எதுவும் தப்பக்கூடாது. எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் இருந்து காலையில் கழுவலாம். இடையில் கை கழுவினால் கைக்குத் திரும்பப் பூச வேண்டும். இதைத்தான் அநேகம் பேர் மறக்கிறார்கள், சோறு பிசைந்த கையில்தான் உண்ணி தப்பிப் பிழைக்கிறது. ஒரு கிழமை கழித்து இன்னொரு முறை. பென்சைல் பென்சோயேற்று எரியும், பிள்ளைகளுக்குத் தண்ணீர் கலந்து ஐதாக்கித்தான் பூசுவார்கள், எந்த அளவு என்று மருந்து தருபவரிடம் கேட்க வேண்டும். கைக்குழந்தைக்குத் தலையிலும் முகத்திலும்கூடச் சொறி வரும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வைத்தியரைக் கேட்காமல் எதுவும் பூச வேண்டாம்.

எல்லாவற்றிலும் முக்கியம், வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே இரவில் பூசுவது. கடி இல்லாத தகப்பனும், அயலில் இருந்து வந்து படுக்கும் மச்சாளும்கூட. கடந்த மூன்று நாளில் பாவித்த உடுப்பு, விரிப்பு, துவாய், தலையணை உறையை வெந்நீரில் தோய்த்து நல்ல வெயிலில் காயப்போடலாம். தோய்க்க முடியாததைப் பொலித்தீன் பையில் கட்டி ஒரு கிழமை வைத்தால் போதும், மனித உடம்பை விட்டுப் பிரிந்த உண்ணி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. மெத்தையை எரிப்பதும் வீடு முழுக்க டெற்றோல் தெளிப்பதும் வீண். உடம்பில் டெற்றோலோ மண்ணெண்ணெயோ பூசுவது ஆபத்து. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதை நான் இழிவாகச் சொல்லவில்லை, எரிச்சல் ஆறும். ஆனால் அதை நம்பி மருந்தைத் தள்ளிப்போட்டால் மற்றப் பிள்ளைக்கும் தொற்றும்.

மருந்து பூசியும் கடி உடனே நிற்காது. செத்த உண்ணியும் முட்டையும் தோலுக்குள் கிடக்கும்வரை, இரண்டு முதல் நாலு வாரம், கடி இருக்கும். இதை யாரும் சொல்லி அனுப்பாததால் மக்கள் மருந்து பலிக்கவில்லை என்று நினைத்து நாளுக்கு நாள் பூசித் தோலைப் புண்ணாக்குகிறார்கள், அல்லது பழைய ரியூபுக்கே திரும்புகிறார்கள். நாலு வாரத்துக்குப் பிறகும் புதுப் பரு வந்தால்தான் திரும்பிப் போக வேண்டும். வயதானவர், படுக்கையில் இருப்பவர், நீண்டகாலம் ஸ்டீரொயிட் எடுத்தவர் ஒருவருக்குக் கடி பெரிதாக இல்லாமல் தோல் தடித்துச் செதில் செதிலாகப் பொருக்கு வைத்தால் அது வேறு கதை. அவர் உடம்பில் ஆயிரக்கணக்கில், சில வேளை இலட்சக்கணக்கில் உண்ணி இருக்கலாம். வீடு திரும்பத் திரும்பச் சொறிவதற்கு மூலையில் படுத்திருக்கும் அந்த முதியவரே காரணமாக இருக்கக்கூடும். அவருக்கு வைத்தியசாலைதான் இடம்.

எல்லாக் கடியும் சொறி அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். முழங்கை மடிப்பிலும் முழங்கால் பின்பக்கத்திலும் வருடக்கணக்காக வந்து வந்து போகும், இழுப்பும் தும்மலும் உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு வரும் கரப்பான் எக்ஸிமா, அது யாருக்கும் தொற்றாது. அதற்கு வைத்தியர் அளவாகத் தரும் ஸ்டீரொயிட் நல்ல மருந்துதான். மேசன் வேலைக்குப் போகிறவரின் கையில் வெடித்துக் கடிப்பது பெரும்பாலும் சீமெந்தில் உள்ள குரோமியத்தால். உப்புத்தண்ணீரில் நின்று வலை இழுக்கும் கை வேறு விதமாக வறண்டு வெடிக்கும். யுத்தத்தில் காலை இழந்தவர்களுக்குச் செயற்கைக் காலின் குழிக்குள் வியர்வை தேங்கி, உராய்ந்து, முடிக்கண்களில் பரு எழும்பும். குழியின் இறப்பரோ சிலிக்கனோ ஒத்துவராமலும் போகும். கால் பொருத்திய இடத்தில் குழியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம், கேட்க வேண்டும். அதைச் சகித்துக்கொண்டு நடப்பவர்கள் எத்தனையோ பேர். கடி இருக்கிறது ஆனால் தோலில் எதுவும் இல்லை என்றால், அதிலும் பதவி சிறிபுர போன்ற சிறுநீரக நோய் மலிந்த பகுதி ஆள் என்றால், கிறீமைத் தேடாமல் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். பழைய நினைவுகளோடு படுப்பவர்களுக்கு இரவில் கடி கூடுவதும் உண்மை, அது நடிப்பு அல்ல. ஒரே இடத்தைச் சொறிந்து சொறிந்து கணைக்காலில் கட்டி கட்டியாகத் தடித்துப்போன பலரைப் பார்க்கலாம். ஆனால் 'மனம்தான் காரணம்' என்று சொல்வதற்கு முதல் விரலிடுக்கைப் பார்த்துவிட வேண்டும்.

கடிக்காத பருவும் உண்டு, அதைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். காட்டோரத்தில் வேலை செய்பவரின் முகத்திலோ கையிலோ ஒரு சிறு பரு வந்து, நோவும் இல்லை கடியும் இல்லை என்று மாதக்கணக்கில் மெல்லப் பெருத்துப் புண்ணானால் அது லீஷ்மேனியாசிஸ் ஆக இருக்கலாம். மணல் ஈ கடித்து வருவது. இலங்கையிலேயே தொற்றிய முதல் நோயாளி 1992இல் பதிவானார், பிறகு வடக்குக் காடுகளில் நின்ற சிப்பாய்களிடம் அதிகம் கண்டார்கள், இப்போது அநுராதபுரம், பொலன்னறுவை எங்கும் இருக்கிறது. நிறம் மங்கி உணர்ச்சி இல்லாத தேமல் என்றால் தொழுநோய். மட்டக்களப்பின் மாந்தீவைப் பற்றிக் கேட்டு வளர்ந்த எமக்கு அந்தப் பெயரே பயம். இன்று அது ஆறு மாதமோ ஒரு வருடமோ இலவச மாத்திரையோடு முற்றாகக் குணமாகும், யாரையும் எங்கும் அடைப்பதில்லை.

லீஷ்மேனியாசிஸ் 2008இல் இருந்து அறிவிக்க வேண்டிய நோய். ஒரு வைத்தியர் கண்டால் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிப்பார், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வருவார், கொழும்பில் ஓர் எண் கூடும். சொறி அந்தப் பட்டியலில் இல்லை. வாராந்த அறிக்கையில் அதற்கு ஒரு நிரல் கிடையாது. ஆகவே திருகோணமலையில் எத்தனை வீடுகளில் சொறி இருக்கிறது என்ற கேள்விக்கு எங்கு போயும் பதில் எடுக்க முடியாது. எண் இல்லாத நோய்க்கு மருந்து ஒதுக்கீடும் ஊகத்தில்தான் நடக்கும். ஐந்து பேருக்கு ஒரு ரியூப் கிடைப்பதற்கு ஒரு தாதியின் மனக்கஞ்சத்தனம் காரணம் அல்ல.

உலகம் இதில் கொஞ்சம் முன்னே போய்விட்டது. உலக சுகாதார ஸ்தாபனம் 2017இல் சொறியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. எந்த நேரத்திலும் உலகில் இருபது கோடிப் பேருக்கு அது இருக்கும் என்பது அவர்களது மதிப்பீடு. 2019இல் ஐவர்மெக்டின் மாத்திரை, சொறிக்கான மருந்தாக அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறியது. கொரோனாக் காலத்தில் தேவையில்லாத வம்பில் மாட்டிக் கெட்ட பெயர் எடுத்த அதே மாத்திரைதான், சொறிக்கு அது உண்மையாகவே வேலை செய்யும். பீஜித் தீவுகளில் நடந்த ஆய்வொன்று 2015இல் வெளிவந்தது. நோயாளியை மட்டும் தேடி மருந்து கொடுக்காமல், ஊர் முழுவதற்கும் ஐவர்மெக்டின் கொடுத்தார்கள். 32 வீதமாக இருந்த சொறி ஒரு வருடத்தில் 2 வீதத்துக்கும் கீழே வந்தது. நோயாளிக்கும் அவர் வீட்டாருக்கும் மட்டும் கிறீம் கொடுத்த இடத்தில் அது பாதியளவுதான் குறைந்தது. பத்தில் ஒருவருக்கு மேல் சொறி உள்ள ஊரில் எல்லோருக்கும் மருந்து கொடுக்கலாம் என்பது இப்போது உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிலைப்பாடு.

பத்தில் ஒருவரா இல்லையா என்று தெரிய, யாராவது எண்ண வேண்டும். அதற்குப் பெரிய செலவு இல்லை. மீள்குடியேறிய கிராமங்களின் பாடசாலைகளில், வழமையான சுகாதாரப் பரிசோதனை நாளில், பிள்ளைகளின் விரலிடுக்கைப் பார்த்து ஒரு கொப்பியில் குறித்தால் போதும். மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல், கிண்ணியா, குச்சவெளி என்று தொடங்கலாம். தமிழ், முஸ்லிம், சிங்களக் கிராமம் என்று உண்ணிக்கு வித்தியாசம் தெரியாது, எண்ணுபவர்களும் வித்தியாசம் பார்க்கத் தேவையில்லை. வீடு வீடாகப் போகும் குடும்பநல மாதுக்கு அந்த வீட்டில் யார் எந்தப் பாயில் படுக்கிறார்கள் என்பது ஏற்கெனவே தெரியும். பெண்கள் அவருக்கு மார்பையும் இடுப்பையும் காட்டத் தயங்க மாட்டார்கள். மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: எண்ணுவதற்கு ஒரு நாள், வீட்டில் உள்ள ஆளுக்கு ஒன்று என்ற கணக்கில் மருந்து, தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம்.

அந்த வீட்டுக்கு இரண்டு மாதம் கழித்துத் திரும்பப் போனேன், காணி விசயமாகத்தான். காணி அப்படியே கிடந்தது. பிள்ளை தூங்குகிறானா என்று கேட்டேன். குடும்பநல மாது வந்து எல்லோருக்கும் எழுதிக் கொடுத்து, ஒரு வெள்ளிக்கிழமை இரவு அம்மம்மா உட்பட எல்லோரும் பூசினார்களாம். கடலுக்குப் போயிருந்த தகப்பன் மட்டும் பூசவில்லையாம். "அவருக்குக் கடி இல்லத்தானே தம்பி" என்றார் தாய். அவர் கொடியில் உலர்ந்துகொண்டிருந்த விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது, மூத்தவள் மறுபடி மணிக்கட்டைச் சொறியத் தொடங்கியிருந்தாள்.